மூன்று தண்ணீர் அலசிய டப்பா

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். இன்றைக்கு மழை வருமா, வராதா என்று அதைப் பார்த்துத்தான் சொல்லுவோம். ஆனாலும் அறுபது வயது தாண்டும் வரை நான் அதன் மேல் ஏறியது இல்லை. கடலையும் பார்த்தது இல்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தேன்.

என் பெயர் பச்சையம்மாள். வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்கிறேன். ஐந்தாவது வரை படித்தேன். சின்ன வயதிலிருந்து களை எடுத்த கை இது. இப்போது களைக்கும் மருந்து வந்துவிட்டது. பத்துப் பெண்கள் நாளெல்லாம் குனிந்து எடுத்த களையை, டேங்கை முதுகில் மாட்டிய ஒரு ஆள் ஒரு காலையில் முடித்துவிடுகிறான். அவனுக்குத் தண்ணீர் சுமந்து, மருந்து கலந்து ஊற்றுவது என் வேலை.

ஒரு நாள் கரும்புக் கொல்லை வரப்பில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் ரெஜினா. கடற்கரையில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறவள். இந்த மருந்தை எந்தெந்த நாள் அடிக்கிறீர்கள், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று நிலத்துக்காரரைக் கேட்டாள். அவர், "அதெல்லாம் பச்சையம்மாள கேளுங்க. எனக்கு எங்க தெரியுது" என்று என்னைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டே கையால் திசையைக் காட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள்.

"எங்ககூட நாலஞ்சி நாள் வர்றீங்களாம்மா?" என்று கேட்டாள். முடியாது என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டும். அதனால் தலையை ஆட்டிவிட்டேன்.

அவள் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். எங்கள் கோமுகி ஆறு மணிமுத்தாற்றில் சேர்ந்து, அது வெள்ளாற்றில் கலந்து, வெள்ளாறு கடலுக்குப் போகிறது. அந்தக் கடலில் கண்ணுக்குத் தெரியாத செடிகள் மிதக்கின்றன. நாங்கள் களைக்கு அடிக்கிற மருந்து அந்தச் செடிகளை என்ன செய்கிறது என்று அவள் அளக்கிறாள். அளப்பதற்கு மருந்தே படாத தண்ணீரும் வேண்டும். அது மலையில்தான் கிடைக்கும். அதை ஒரு பக்கம் வைத்து, எங்கள் வயல் தண்ணீரை மறு பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் விடிந்ததும் வேன் வந்தது. ஓட்டுநர் அன்வர், "ஆயா, முன்னாடி குந்துங்க. பின்னாடி கண்ணாடி பாட்டிலுங்க இருக்குது. உங்களவிட அதுங்களுக்கு மரியாத ஜாஸ்தி" என்றார்.

என் பையில் ஒரு புடவை, வெற்றிலை, பிறகு என் டப்பா. டப்பா என்றால் மருந்து டப்பா. அதன் கழுத்தை அறுத்து, கைப்பிடியை மட்டும் விட்டால் தண்ணீர் மொள்ள நல்ல மக்கு ஆகிவிடும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்றிரண்டு உண்டு. கொல்லையில் மருந்து மொள்ள, குளிக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். புறப்படுவதற்கு முந்தின நாள் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் அலசி எடுத்து வைத்திருந்தேன். மூன்று தண்ணீர் அலசினால் மருந்து போய்விடும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. வழியில் கால் கழுவவும் தண்ணீர் குடிக்கவும் ஆகும் என்று கொண்டு வந்தேன்.

மலை ஏற ஏறக் காது அடைத்தது. ஒரு வளைவில் அன்வர் வண்டியை நிறுத்தி, "கீழ பாருங்க ஆயா, உங்க ஊரு" என்றார். பார்த்தேன். கோமுகி அணை, சாப்பிடுகிற தட்டில் மிச்சம் இருக்கிற தண்ணீர் மாதிரி இருந்தது. சுற்றிலும் கட்டம் கட்டமாகப் பச்சை, ஒட்டுப் போட்ட புடவை மாதிரி. அந்தக் கட்டங்களில் ஒன்றில்தான் நான் நாற்பது வருடம் குனிந்திருக்கிறேன். எது என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ரெஜினாவுக்கு வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லை. தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள்.

"படகுலயே பொறந்து வளந்தவங்க. நாலு வளைவுக்கு இப்பிடி ஆயிட்டாங்க" என்றார் அன்வர்.

"பேசாம ஓட்டுங்கண்ணே" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

மேலே போய்ச் சேர்ந்தபோது அவளால் எழுந்து நிற்கவும் முடியவில்லை. ஓடை கீழே பள்ளத்தில் இருந்தது. எண் போட்ட ஆறு பாட்டில்களை என் கையில் கொடுத்தாள். "ஓடுற தண்ணில முக்கி எடுங்கம்மா. வாய் வரைக்கும் ரொப்பி மூடிடுங்க" என்றாள். என்னை நம்பி ஒரு காரியம் சொல்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த வள்ளி என்கிற மலைக்காரப் பெண் வழி காட்டினாள். பள்ளத்தில் இறங்கியதும் குளிர்ந்தது. மரத்தில் எல்லாம் பாசி. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு தெளிவு. ஆனால் ஆழம் இல்லை. பாறை மேல் விரல் கனத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில் முங்கவில்லை. நான் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். மொண்டு மொண்டு, ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாக ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இன்னாத்துக்கு எங்க தண்ணி?" என்றாள் வள்ளி.

"சுத்தமான தண்ணியாம். அளந்து பாக்குறாங்க."

"நாங்க மருந்து கிருந்து ஒண்ணும் அடிக்கிறதில்ல. சாமைக்கு எதுக்கு மருந்து? இத உங்ககூட வந்த அம்மாவ நல்லா எழுதிக்கச் சொல்லு. எது கெட்டுப்போனாலும் மலைக்காரன் தலையிலதான் போடுவாங்க."

சொல்கிறேன் என்றேன். அவள் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வெளி வீட்டில் நான் இரண்டாவது முறை கேட்டதே கிடையாது. மலைக் காற்று அப்படி.

இரண்டாம் நாள் கீழே இறங்கி, எங்கள் கரும்புக் கொல்லை வடிகாலிலும், கள்ளக்குறிச்சி தாண்டி ஆற்றிலும் ரெஜினாவே தண்ணீர் எடுத்தாள். பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து, குலுங்காமல் இருக்க என் மடியில் ஏற்றினாள். மடி மரத்துப்போனது. நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

பாதி வழியில் டயர் வெடித்தது. டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"பொட்டியில இன்னா, மீனா?"

"தண்ணி. கடலுக்கு எடுத்துக்கினு போறோம்" என்றார் அன்வர், டயரைக் கழற்றிக்கொண்டே.

"தண்ணி தானா போற எடத்துக்கு வாடகை வண்டி வேறயா?" என்று அவர் கேட்க, கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பெட்டி குலுங்கும் என்று அடக்கிக்கொண்டேன். டீயில் லேசாக உப்பு கரித்தது. கடல் பக்கம் வந்துவிட்டோம் என்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கடலைக் காட்டினார்கள். நான் முதலில் அக்கரையைத் தேடினேன். ஆற்றுக்கு அக்கரை உண்டு, ஏரிக்கு உண்டு. இதற்கு இல்லை. வானம் வந்து இறங்குகிற இடம் வரை தண்ணீர், அதுவும் ஒரு நொடி சும்மா இருக்காத தண்ணீர். என் கால் அடியில் இருந்த மணலை அது உருவிக்கொண்டு போனது. ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு பெரியதை எங்கள் ஊர் டேங்கில் இருப்பது என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன்.

இரவுச் சாப்பாடு ரெஜினா வீட்டில். அவள் அம்மா மத்தி மீன் குழம்பு வைத்திருந்தார். "உங்க ஊர்ல மீன் உண்டா?" என்று கேட்டார். டேம் மீன் உண்டு என்றேன். "அதுல மண்ணு வாட அடிக்குமே" என்றார். இத்தனை வருடம் சாப்பிட்டும் அது மண் வாடை என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

மூன்றாம் நாள் படகில் கொஞ்ச தூரம் போனோம். புடவையை விட மெல்லிய துணியில் தைத்த வலையை ரெஜினா தண்ணீரில் இழுத்து வந்தாள். அடியில் ஒரு சின்ன பாட்டில் கட்டியிருந்தது. அதில் வந்தது லேசான பழுப்பு நிறத் தண்ணீர். அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று இருந்தது.

கூடத்துக்குத் திரும்பி அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பூதக் கண்ணாடி மிஷினில் கண்ணை வைக்கச் சொன்னாள்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உடைந்த வளையல் துண்டு மாதிரி ஒன்று. சீப்பு மாதிரி ஒன்று. சின்னச் சின்னப் பெட்டிகளைக் கோத்த சங்கிலி மாதிரி ஒன்று. எல்லாம் கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் பொன் நிறத்தில் ஏதோ வைத்துப் பூட்டியிருந்தது. வட்டமான ஒன்றின் மேல் புள்ளிகள், ஒரு புள்ளி கூட வரிசை தப்பவில்லை. மார்கழிக்குக் கோலம் போடுகிற எந்தக் கைக்கும் அது வராது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று இதைக் கடலுக்குள் இவ்வளவு அழகாகச் செய்து வைத்தது? கண்ணை எடுத்தால் வெறும் ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர். திரும்ப வைத்தால் அத்தனையும்.

"இதான் செடிம்மா. வேரும் இல்ல, எலையும் இல்ல. வெயிலத் தின்னு வளருது. கடல்ல இருக்குற மீன் எல்லாத்துக்கும் மொதச் சோறு இதான். நாம விடுற மூச்சுலயும் இதுங்களுக்குப் பங்கு இருக்குது" என்றாள்.

நேற்று சாப்பிட்ட மத்தியை நினைத்தேன். களையைக் கண்டால் என் கை தானாகப் போகும். பயிர் எது, களை எது என்று இருட்டில் தடவியே சொல்லுவேன். இங்கே எனக்கு எதையும் பிடுங்கத் தோன்றவில்லை. கடலில் களை என்று ஒன்றுமே இல்லை.

நான்காம் நாள் அளந்தார்கள். ரெஜினா வளர்த்து வைத்திருந்த செடித் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவைகளில் பிரித்து ஊற்றி, சிலவற்றில் மலைத் தண்ணீர், சிலவற்றில் கொல்லைத் தண்ணீர், சிலவற்றில் ஆற்றுத் தண்ணீர் கலந்தாள். ஒரு பங்கு வெறும் கடல் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் சேர்ந்தால் உப்பு குறையும் அல்லவா, அதனால் முதலில் உப்பைச் சரிக்கட்டினாள். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. ஒரு குழாயில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் இருட்டுப் பெட்டியில் வைத்தாள்.

"இருட்டுல பசியோட இருக்கும். திடீர்னு வெளிச்சம் குடுத்தா திங்கும். திங்க முடியாதத செவப்பு வெளிச்சமாத் திருப்பித் துப்பும். துப்புனது எவ்ளோன்னு இந்த மிஷின் பாக்கும். தின்னது எவ்ளோன்னு அத வெச்சே சொல்லிடும்."

நன்றாகத் தின்றால் மிஷின் திரையில் கோடு உயரமாக நிற்கும். கடல் தண்ணீருக்கு உயரமாக நின்றது. எங்கள் கொல்லைத் தண்ணீருக்குக் கீழே படுத்துவிட்டது. ஆற்றுத் தண்ணீருக்கு நடுவில் நின்றது. அந்தக் கொல்லைக்கு மருந்து கலந்தது நான்.

பிறகு மலைத் தண்ணீர். அது கடல் தண்ணீருக்குச் சமமாக நிற்க வேண்டும். முதல் பாட்டில் கொல்லைத் தண்ணீரை விடக் கீழே கிடந்தது. இரண்டாவது கொஞ்சம் மேலே. மூன்றாவது இன்னும் கொஞ்சம் மேலே. ஆறாவதும் கடலைத் தொடவில்லை. படிக்கட்டு மாதிரி ஆறு கோடுகள்.

ரெஜினா இரண்டாவது முறை போட்டுப் பார்த்தாள். அதே படிக்கட்டு. அவளுக்கு மேலே இருக்கிற பெரிய சாரைக் கூப்பிட்டாள். நரைத்த தாடி, மெதுவான பேச்சு. வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"ஒண்ணு, மலையிலயும் அடிக்கிறாங்கன்னு எழுதணும். இல்ல, உன் அளவே தப்புன்னு சொல்லணும். மலைத் தண்ணிதான் உனக்கு அளவுகோல். அதுவே கோணலா இருந்தா மத்த எதையும் வெச்சிப் பாக்க முடியாது. மாசக் கடைசிக்குள்ள ரிப்போர்ட்டக் குடுத்தாகணும் இல்ல?"

"ஆமா சார். ரெண்டு வருஷ வேல."

"எடுத்தது யாரு?"

ரெஜினா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார்" என்றாள்.

நான் சுவர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் டப்பாவால் மொண்ட வரிசை அது. முதல் பாட்டிலுக்குப் போனது டப்பாவின் முதல் தண்ணீர். மொள்ள மொள்ள டப்பா கழுவப்பட்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் என்னையும் வள்ளியையும் தவிர யாரும் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கண்ணாடிப் பெட்டிகள், நான் எதை முன்னால் ஊற்றினேன், எதைப் பின்னால் ஊற்றினேன் என்று வரிசை தப்பாமல் சொல்லிவிட்டன.

அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கூடத்தில் நாலு பேர் கண்ணாடி போட்டவர்கள், ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு ரெஜினா சரியாகச் சாப்பிடவில்லை. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு நானும் சாப்பிடவில்லை. அவள் அம்மா, மீன் பிடிக்கவில்லையா என்று என்னைக் கேட்டார்.

காலையில் கூடத்துக்குப் போனதும், பையிலிருந்து டப்பாவை எடுத்து, அந்தக் கண்ணாடிச் சாமான்களுக்கு நடுவில் மேசை மேல் வைத்தேன். ரெஜினா பார்த்தாள். பெரிய சாரும் பார்த்தார்.

"இதாலதான் மொண்டு ஊத்துனேன். பாட்டிலு முங்கல" என்றேன். "மூணு தண்ணி அலசினேம்மா. சாம்பல் போட்டுத் தேச்சேன். மலைக்காரங்க மேல எழுதிடாதீங்க. இந்தப் பொண்ணு எடுத்தது இல்ல. நான் எடுத்தது."

ரெஜினா டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் பாதி கிழிந்த லேபிளும், விஷ மருந்துக்குப் போடுகிற நிறக் கட்டமும் இருந்தன. அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழவும் செய்தாள்.

பெரிய சார் கோபிக்கவில்லை. ஒரு காகிதத்தில் படிக்கட்டை வரைந்தார். "ஒரு பாட்டிலுக்கு எத்தன மொள்ளு?"

"நாலு."

"அப்போ ஆறு பாட்டிலுக்கு இருபத்துநாலு. வூட்டுல அலசுனது மூணு. ஆறாவது பாட்டிலு இன்னும் முழுசா ஏறல. இருபத்தேழாவது தண்ணியிலயும் இருக்குதும்மா." எழுதிக்கொண்டே கேட்டார், "இதால வேற இன்னா செய்வீங்க?"

"குளிப்போம். குடிப்போம்" என்றேன்.

அவர் பேனா நின்றது. ரெஜினாவும் தலையைத் தூக்கினாள். மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே புறப்பட்டோம். மறுநாள் மலை. ரெஜினா வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தாள். அன்வர், "இந்தத் தடவ வாந்தி எடுத்தா வண்டிக்கு நீங்கதான் தண்ணி ஊத்தணும், அந்த டப்பா இல்லாம" என்றார். இந்த முறை அவளே என் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். பாட்டில் முங்க இப்போதும் ஆழம் இல்லை. நான் ஒரு நீள இலையைக் கிள்ளி, ஓடைத் தண்ணீரில் கழுவி, பாறை இடுக்கில் செருகினேன். தண்ணீர் இலை வழியாகக் கம்பி போல விழுந்தது. ரெஜினா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாட்டிலை நேராக அதன் கீழே பிடித்தாள்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல?" என்றாள், தழைக் கட்டோடு வந்து நின்ற வள்ளி.

"டப்பா கையில இருந்துதே" என்றேன்.

"நாங்க அடிக்கலன்னு எழுதிக்கிச்சா அந்த அம்மா?"

"இன்னும் இல்ல. கடல கேட்டுட்டுதான் எழுதும்."

என்னை ஊரில் இறக்கிவிட்டு அவர்கள் போனார்கள். என் டப்பா அவர்களிடமே இருக்கிறது. பெரிய சார் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கும் ஒரு எண் போட்டிருக்கிறார்களாம்.

அவர்கள் போன மூன்றாவது நாள் கரும்புக் கொல்லையில் மருந்து அடிக்கும் வேலை. பக்கத்துக் கொல்லையில் கரும்பின் காய்ந்த சோகை உரிக்கிற பெண்களும் வந்திருந்தார்கள். நான் வீட்டிலிருந்து எவர்சில்வர் சொம்பு கொண்டுபோனேன். "யக்கா கடலுக்குப் போய் வந்து பெரிய மனுஷி ஆயிட்டாங்க" என்று அவர்களில் குப்பு சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

உச்சி வேளையில் போன் வந்தது. ரெஜினா. பின்னால் அந்த மிஷின் சத்தம் கேட்டது.

"கோடு ஏறிடுச்சிம்மா. ஆறு பாட்டிலும் கடலுக்குச் சமமா நிக்குது. ஒரு மயிரிழ கூட வித்தியாசம் இல்ல. மலையில அடிக்கலன்னு எழுதிட்டேன். அந்த அக்காகிட்ட சொல்லிடுங்க."

போனை இடுப்பில் செருகினேன். மலையைப் பார்த்தேன். பள்ளத்தில் அந்த இலை இன்னும் இருக்குமா என்று நினைத்தேன். இந்தப் பக்கம் மர நிழலில் ஒன்பது பெண்கள் சோற்று வாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். குடத்துத் தண்ணீரை முதலில் மொண்டது குப்பு. வெள்ளை டப்பா, கைப்பிடி விட்டு அறுத்தது.

"குப்பு, அது எத்தன தண்ணி அலசுனது?"

"மூணுதான். ஏன்க்கா?" என்று வாயருகே கொண்டுபோனாள்.

"கீழ வையி" என்றேன். என் சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து, நடந்ததைக் கடலில் இருந்து சொல்ல ஆரம்பித்தேன்.